முதல் மூன்று மாதம்: கனடாவின் இலவச வைத்தியத்தில் இருந்த ஓட்டை

கொஞ்சம் நீளமான இழை மக்களே. பொறுமையா படிங்க.

ஓபியில் உட்கார்ந்திருக்கும்போது மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "பொண்ணு டொரன்டோல இருக்கா டாக்டர். எங்களையும் கூப்பிடுறா. அங்க வைத்தியம் எல்லாம் ஃப்ரீயாமே?"

ஃப்ரீதான். ஆனா யாருக்கு, எந்த நாளில் இருந்து என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கல். கனடாவுக்குப் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு, அந்த ஊர் பொது மருத்துவத் திட்டத்தில் முதல் மூன்று மாதம் இடமில்லை என்ற விதி பெரிய மாகாணங்களில் பல வருடம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்த இடைவெளிக்குத் தனியார் இன்சூரன்ஸ் வாங்கிக்கோங்க என்றார்கள். அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ரொம்ப சுவாரசியமான ஒரு வரலாறு கிடைக்கிறது.

ஒரு சின்னப் பையனின் காலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1904ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாமி டக்ளஸ், சிறுவனாக இருக்கும்போது குடும்பத்தோடு கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வந்தான். முட்டியில் பட்ட அடி ஆறாமல் ஆஸ்டியோமைலிடிஸ் ஆகிவிட்டது. அதாவது எலும்புக்குள் சீழ் பிடிக்கிற வியாதி. பென்சிலின் வருவதற்கு இன்னும் ஏறக்குறைய 30 வருடம் இருந்த காலம் அது. காலை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வீட்டில் காசு இல்லை.

அப்போது ஆர்.ஜே. ஸ்மித் என்ற எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் அந்த வார்டில் பையனைப் பார்க்கிறார். என் மாணவர்கள் கூட நின்று பார்க்க சம்மதித்தால் இலவசமாகவே ஆபரேஷன் செய்கிறேன் என்கிறார். பெற்றோர் சம்மதித்தார்கள். கால் தப்பியது.

நம்ம மெடிக்கல் காலேஜ் வார்டுகளில் தினமும் நடக்கிற விஷயம்தான் இது. ஆனா டக்ளஸ் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தன் கால் தப்பியது தற்செயல், அந்த டாக்டர் அன்று அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் போயிருக்கும் என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1944ல் சஸ்காச்சவான் மாகாணத்தின் முதல்வர் ஆனார்.

சஸ்காச்சவான் என்பது கோதுமை விளையும் சமவெளி. அங்கே இருந்த விவசாயிகளில் பெரும்பகுதி உக்ரைன், ஸ்காட்லாந்து, ஜெர்மனி என்று எங்கெங்கிருந்தோ குடியேறியவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். டாக்டர் கிடைப்பதே கஷ்டம். 1915லேயே சார்னியா என்ற ஒரு கிராமப் பகுதி, டாக்டர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்று வரிப்பணத்தில் வருடம் 1500 டாலர் கொடுத்து அவரைத் தங்க வைத்தது. இந்த வழக்கம் பக்கத்துப் பகுதிகளுக்கும் பரவியது. ஊர் கூடிக் காசு போட்டு டாக்டர் வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

1947 ஜனவரி 1ல் டக்ளஸ் அரசு மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கொண்டு வந்தது. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர். 1957ல் கனடா மத்திய அரசு இதே மாதிரி திட்டத்துக்குச் செலவில் பங்கு தருவதாகச் சட்டம் போட்டது. 1961க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

அடுத்தது ஆஸ்பத்திரிக்கு வெளியே டாக்டரைப் பார்க்கிற ஃபீஸ். அதையும் அரசே கட்டும் என்று 1962 ஜூலை 1ல் சஸ்காச்சவான் ஆரம்பித்தது. அன்றைக்கே டாக்டர்கள் ஸ்ட்ரைக். ஆமாம், நம்ம ஆளுங்கதான். 23 நாள் நடந்தது. அரசாங்கம் எங்களைக் கட்டுப்படுத்தப் போகிறது என்பது அவர்கள் பயம். பிரிட்டனில் இருந்து டாக்டர்களை வரவழைத்து மாகாணம் சமாளித்தது. கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆனது, திட்டம் நிலைத்தது. அதே மாடலை 1966ல் மத்திய அரசு சட்டமாக்கியது, 1972க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்க. கனடாவில் "ஒரே" ஆரோக்கிய இன்சூரன்ஸ் கிடையாது. மாகாணத்துக்கு ஒன்று. ஒன்டாரியோவில் இருப்பதற்குப் பெயர் ஓஹிப். நீங்கள் ஒன்டாரியோவில் இருந்து ஆல்பர்ட்டாவுக்கு வீடு மாறினால் உங்கள் கார்டும் மாற வேண்டும்.

வீடு மாறுகிற நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் பில்லை யார் கட்டுவது? இதற்கு 1984ல் வந்த கனடா சுகாதாரச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மோனிக் பேகின் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒருமனதாக நிறைவேறியது. புதிதாக வந்தவரைத் திட்டத்தில் சேர்க்க ஒரு மாகாணம் அதிகபட்சம் மூன்று மாதம் வரை காத்திருக்க வைக்கலாம், அதுவரைக்கும் அவர் விட்டுவந்த பழைய மாகாணம் செலவை ஏற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

அழகான ஏற்பாடு. ஒரு மாகாணம் கையை விடுவதற்கு முன்னால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கு ஒரு நாள் கூட இடைவெளி இல்லை.

இப்போ சென்னையில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ ஒருத்தர் டொரன்டோ ஏர்போர்ட்டில் இறங்குகிறார். கையில் பி.ஆர். இருக்கிறது. புது மாகாணம் மூன்று மாதம் காத்திரு என்கிறது. பழைய மாகாணம்? அப்படி ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. மாகாணம் விட்டு மாகாணம் போகிறவருக்கு வெறும் கணக்கு வழக்காக இருந்த அதே மூன்று மாதம், இவருக்கு இன்சூரன்ஸே இல்லாத மூன்று மாதமாக மாறுகிறது.

சட்டம் "அதிகபட்சம்" மூன்று மாதம் என்றுதான் சொன்னது, கட்டாயம் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆல்பர்ட்டா, மனிடோபா மாதிரி மாகாணங்கள் வெளிநாட்டில் இருந்து குடியேறி வருகிறவர்களுக்கு முதல் நாளே கார்டு கொடுத்தன. ஒன்டாரியோவும் ஆரம்பத்தில் அப்படித்தான் கொடுத்துக்கொண்டு இருந்தது. 1994 ஏப்ரல் 1ல்தான் அங்கே காத்திருப்பு வந்தது. பொருளாதார மந்தம், பட்ஜெட்டில் பற்றாக்குறை, எங்கே செலவைக் குறைக்கலாம் என்று தேடின காலம். அப்போது ஆட்சியில் இருந்தது பாப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி. அந்தக் கட்சியின் முதல் தேசியத் தலைவர் யார் தெரியுமா? காலைக் காப்பாற்றிக்கொண்ட அதே டாமி டக்ளஸ். அவர் 1986ல் இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

வாக்குரிமை இல்லாத ஆட்களிடம் சிக்கனம் பிடிப்பது எந்த ஊர் அரசுக்கும் சுலபம். இது என் கருத்து.

"திட்டத்தில் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளவே சில பேர் வருவார்கள், அதைத் தடுக்க ஒரு காத்திருப்பு தேவை" என்பது இந்த விதிக்குச் சொல்லப்படும் நியாயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் பேசுகிற பேச்சு இது. நோய் வந்த பிறகு பாலிசி வாங்க வருகிறவனைக் கம்பெனி அப்படித்தான் பார்க்கும், அவர்கள் வியாபாரம் அது. ஆனா பி.ஆர். வாங்கி வருகிறவர் ஏற்கெனவே மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் விசா வாங்கியிருக்கிறார். இவரால் நம்ம மருத்துவச் செலவு அதிகமாகும் என்று தோன்றினால் விசாவையே மறுக்க கனடா சட்டத்தில் பிரிவு இருக்கிறது (அகதிகளுக்கும், ஸ்பான்சர் செய்கிறவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் 2002க்குப் பிறகு விலக்கு). இவ்வளவு வடிகட்டி உள்ளே விட்ட பிறகும் மூன்று மாதம் வெளியே நில் என்றால் என்ன கணக்கு?

இந்த விதியை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 2001ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

சரி, தனியார் இன்சூரன்ஸ் வாங்கிக்கொண்டால் போச்சு என்பார்கள். இங்கேதான் டாக்டராக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்த வகைப் பாலிசிகள் அடிப்படையில் டூரிஸ்ட்டுக்குத் தயாரானவை. கீழே விழுந்தால், திடீர் காய்ச்சல் வந்தால், அப்பெண்டிக்ஸ் வெடித்தால் உதவும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் கிடையாது, இல்லாவிட்டால் நிபந்தனையோடுதான். கர்ப்பத்தோடு வந்து இறங்கிய பெண்ணுக்குப் பிரசவச் செலவு கிடையாது. ரொட்டீன் செக்கப் கிடையாது. வந்து இறங்கி சில நாள் கழித்து வாங்கினால், வாங்கிய தேதியில் இருந்து குறிப்பிட்ட நாள் வரை வருகிற நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். புது ஊர், வீடு தேடணும், வேலை தேடணும், கையில் இருக்கிற காசு கரைந்துகொண்டிருக்கும். அந்த முதல் வாரத்தில் பாலிசி வாங்கணும் என்று யாருக்குத் தோன்றும்?

யாருக்கு வைத்தியம் நிச்சயம் தேவையோ அவருக்குத்தான் இந்தப் பாலிசி உதவாது. சுகர், பி.பி., ஆஸ்துமா, கர்ப்பம். நம்ம ஓபியில் ஒரு நாள் வரிசையைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் இந்த நாலுக்குள் அடங்கிவிடுவார்கள்.

இதன் பலனை நேரில் பார்த்த இடம் ஸ்கார்பரோ. டொரன்டோவின் கிழக்குப் பகுதி, நம்ம ஈழத்தமிழ்ச் சொந்தங்கள் அதிகம் வாழும் இடம். கார்டு இல்லாதவர்களுக்காகவே 2000ம் வருட வாக்கில் அங்கே ஒரு தன்னார்வ கிளினிக் உருவானது. குடும்ப மருத்துவர் பால் கால்ஃபோர்ட் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். வந்தவர்களில் காத்திருப்பில் இருந்த பி.ஆர். குடும்பங்களும் உண்டு, அகதிக் கோரிக்கை தள்ளுபடி ஆனவர்களும் உண்டு. தள்ளிப்போட்ட கர்ப்பப் பரிசோதனை, மாத்திரை தீர்ந்துபோன சர்க்கரை நோய். பெரிய அபூர்வ வியாதி எல்லாம் இல்லை. நேரத்துக்குப் பார்த்திருந்தால் ஓபியிலேயே முடிந்திருக்கும் கேஸ்கள்.

ஒன்டாரியோவிலேயே இதற்கு மாற்று வழியும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. காத்திருப்பு வந்த அதே 1994ல்தான் அந்த மாகாணம் பேறுகால செவிலித்தாய்மாரை அரசுச் செலவில் மருத்துவ முறைக்குள் கொண்டு வந்தது. அவர்களிடம் போக ஓஹிப் கார்டு தேவையில்லை, மாகாணத்தில் வசித்தால் போதும். ஆக கார்டு இல்லாத கர்ப்பிணிக்கு செவிலித்தாய் இலவசம். சிக்கலாகி ஆஸ்பத்திரிக்குப் போனால் பில்!

கியூபெக் இன்னும் சுவாரசியம். அங்கேயும் மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு. ஆனா பிரான்ஸ், பெல்ஜியம் மாதிரி சில நாடுகளோடு கியூபெக் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கே காப்பீட்டில் இருந்துவிட்டு வருகிறவருக்குக் காத்திருப்பு கிடையாது. அதாவது "பழைய மாகாணம்" இடத்தில் ஒரு நாட்டை உட்கார வைத்துவிட்டார்கள். மனசு வைத்தால் ஓட்டையை அடைக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அகதிகள் கதை தனி. மாகாணத் திட்டத்துக்குள் வராத அகதிகளுக்கு மத்திய அரசே செலவு செய்யும் இடைக்காலத் திட்டம் ஒன்று 1957ல் இருந்து வழக்கத்தில் இருந்தது. 1983க்குப் பிறகு இலங்கையில் இருந்து போய்ச் சேர்ந்த நம்ம மக்களில் பலர் அகதிக் கோரிக்கை வழியாகவே கனடாவுக்குள் நுழைந்தவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியதும், 2010ல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் போய் இறங்கியதும் ஞாபகம் இருக்கும்.

2012ல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு இந்த அகதி மருத்துவத் திட்டத்தை வெட்டியது. குடியேற்ற அமைச்சர் ஜேசன் கென்னி. சாதாரணக் கனடியருக்குக் கிடைக்காத சலுகை அகதிக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம், ஐந்து வருடத்தில் 10 கோடி டாலர் மிச்சமாகும் என்றும் கணக்குச் சொன்னார்கள். "பாதுகாப்பான நாடு" என்று பட்டியலிட்ட நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால் மட்டும் வைத்தியம். புரிகிற மாதிரி சொன்னால், டி.பி.க்கு மருந்து உண்டு, ஹார்ட் அட்டாக்குக்கு இல்லை. இருமினால் பார்ப்போம், நெஞ்சு வலித்தால் பார்க்க மாட்டோம். பட்டியலில் இல்லாத நாட்டு அகதிகளில் பெரும்பாலோருக்கும் இன்சுலின் மாதிரியான மருந்துகள் நின்றன.

டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளைக் கோட்டோடு ஒரு மத்திய அமைச்சரின் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மந்திரிகள் பேசும் மேடைகளில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். 1962ல் பொது மருத்துவம் வேண்டாம் என்று ஸ்ட்ரைக் செய்த அதே தொழில்காரர்கள், சரியாக 50 வருடம் கழித்து அதில் இருந்து யாரையும் தள்ளாதே என்று போராடினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

வெட்டினதால் செலவும் காணாமல் போகவில்லை. எமர்ஜென்சிக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாதே. 2014ல் ஒன்டாரியோ தன் காசைப் போட்டு ஒரு தற்காலிகத் திட்டம் ஆரம்பிக்க வேண்டி வந்தது. அதே வருடம் ஜூலை 4ல் மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மெக்டாவிஷ், இந்த வெட்டு கொடூரமான நடத்துமுறை, அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புக் கொடுத்தார். அடுத்து வந்த அரசு 2016 ஏப்ரலில் பழையபடி முழுத் திட்டத்தையும் திருப்பித் தந்தது.

மூன்று மாதக் காத்திருப்பு மட்டும் ஒன்டாரியோவில் அப்படியே இருந்தது. 2003ல் சார்ஸ் வந்து டொரன்டோவைப் புரட்டிப் போட்டது, கனடாவில் 44 பேர் செத்துப்போனார்கள். விதி அசையவில்லை. கோர்ட் அசைக்கவில்லை, டாக்டர்களின் கட்டுரைகள் அசைக்கவில்லை.

2020 மார்ச். கொரோனா. காய்ச்சலோடு இருக்கிற ஒருவர், கார்டு இல்லை, பில் வரும் என்ற பயத்தில் வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பது அரசுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. 26 வருடம் இருந்த காத்திருப்பை ஒன்டாரியோ எடுத்துவிட்டது. இன்று வரை திரும்ப வரவில்லை. பி.ஆர். வாங்கி டொரன்டோவில் குடியேறுகிறவர் இப்போது உடனே ஓஹிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அதோடு நிற்காமல், கார்டே இல்லாத எல்லோருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறோம் என்றும் அப்போது அறிவித்தார்கள். விசா காலம் முடிந்து போனவர்கள், வேலை பர்மிட்டில் சிக்கல் உள்ளவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். அதை மட்டும் 2023 மார்ச் 31ல் நிறுத்திவிட்டார்கள். டாக்டர்கள் கேட்டுப் பார்த்தார்கள், பலனில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், அதாவது வான்கூவர் பக்கம், இன்னும் காத்திருப்பு உண்டு. வந்த மாதத்தில் மிச்சமுள்ள நாட்கள், கூடவே முழுசா ரெண்டு மாதம். கியூபெக் கதை மேலேயே சொன்னேன்.

இப்போ ஓபியில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். பெற்றோர் பி.ஆர். இல்லாமல் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது ஓஹிப் கிடையவே கிடையாது. எத்தனை வருடம் இருந்தாலும் கிடையாது. 2011 டிசம்பரில் கனடா "சூப்பர் விசா" கொண்டு வந்தபோதே, குறைந்தது ஒரு வருடத்துக்கு 1,00,000 டாலர் மதிப்புள்ள தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். 2022 ஜூலையில் இருந்து ஒரு தடவை போனால் 5 வருடம் வரை தங்கலாம். 2025 ஜனவரியில் இருந்து கனடா அரசு அங்கீகரித்த வெளிநாட்டுக் கம்பெனி பாலிசியும் செல்லும். மூன்று மாத ஓட்டை இவர்களுக்கு 5 வருட ஓட்டை. அதை முழுசா தனியார் கையில் கொடுத்தாச்சு.

இதில் நம்ம ஊர் ஆட்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. பாலிசியில் "ஸ்டேபிள்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். பயணத்துக்கு முன்னால் 90 நாள், 180 நாள் என்று ஒரு காலக்கெடு. அதற்குள் மருந்து மாறியிருக்கக் கூடாது. டோஸ் மாறினாலும் பல பாலிசிகளில் அது மாற்றம்தான். மெட்ஃபார்மின் 500ஐ நான் 1000 ஆக்கினால் மருத்துவக் கணக்கில் அது நல்ல வைத்தியம், பாலிசி கணக்கில் அவர் சுகர் "நிலையில்லாதது". அங்கே போய் சுகர் சம்பந்தமாக அட்மிட் ஆனால் க்ளெய்ம் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, மறைப்பது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, சுகர் கண்ட்ரோலில் இருக்கிறது, அப்புறம் ஃபார்மில் எதுக்கு எழுதணும் என்று விட்டுவிடுகிறார்கள். ஏஜென்ட்டும் பிரீமியம் குறையும் என்று தலையாட்டுவார். க்ளெய்ம் வரும்போது பழைய ரெக்கார்டு கேட்பார்கள். அப்போது சுகருக்கு மட்டும் இல்லாமல் மொத்த பாலிசியும் செல்லாது என்று சொல்லக்கூடிய நிலைமை வரும்.

அதனால் கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டியது: பயணத்துக்கு ஆறு ஏழு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்க, மருந்தில் மாற்றம் தேவை என்றால் அப்போதே செய்து முடித்துவிடலாம். இருக்கிற நோய் எல்லாவற்றையும் ஃபார்மில் எழுதுங்க. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கவர் தரும் பாலிசி கொஞ்சம் விலை கூடுதலாகக் கிடைக்கும், அதை வாங்குங்க. எழுதி வாங்கின மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈ.சி.ஜி. மூன்றையும் கைப்பையில் வையுங்க, செக்-இன் பெட்டியில் வேண்டாம். வான்கூவர் பக்கம் பி.ஆரோடு போகிற பிள்ளைகள், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த இடைவெளிக்கான பாலிசி வாங்கிவிடுங்க.

பயணத் தேதி முடிவானவர்கள், அவசரமாகத் தேவைப்படாத டோஸ் மாற்றத்தை மட்டும் டாக்டரிடம் பேசி முடிவு பண்ணுங்க. இன்சூரன்ஸுக்காக சுகரை 300ல் விட்டுவிட்டுப் போகாதீங்க, ப்ளீஸ். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டியூட்டி முடிந்து வந்து பதில் எழுதுறேன்.